மருமகனுக்கு ஒரு மான் ரைபிள்

அக்டோபர் 6, 2024, ஞாயிறு. கல்லிடைக்குறிச்சி

அக்கா மகன் பென்சில்வேனியாவிலிருந்து கூப்பிட்டான். ஆபீஸ் சிநேகிதர்களோடு இந்த வருஷம் மான் வேட்டைக்குப் போகிறானாம். வேட்டை வகுப்பில் தேறி லைசென்ஸ் எடுத்தாயிற்று. கிரீன் கார்டு இருப்பதால் துப்பாக்கி வாங்கவும் தடையில்லை.

"எதை வாங்கட்டும் மாமா? இங்க எல்லாரும் .300 மேக்னம்னு பெரிய தோட்டா போடற ரைபிள்தான் வேணும்ங்காங்க."

"ஏலே, மானைச் சுடப் போறியா, யானையைச் சுடப் போறியா?"

பட்டாளத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பராமரிப்பவனாக, இருந்தவன் என்பதால் என்னைக் கேட்கிறான். நான் ஒரு மானைக்கூடச் சுட்டதில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. முண்டந்துறைப் பக்கம் மிளா குறுக்கே வந்தால் வண்டியை நிறுத்தி வழி விடுவதோடு சரி. சிங்கம்பட்டி ஜமீன் வேட்டைக் கதைகள் கேட்டு வளர்ந்ததுதான் மிச்சம். ஆனால் எந்தத் தோளுக்கு எந்தத் துப்பாக்கி சேரும் என்று சொல்லத் தெரியும்.

அக்டோபர் 9, புதன்

மேக்னம் மோகத்தை இறக்குவதற்கே ராத்திரி பதினொன்றாகிவிட்டது. அவன் போகிற காடு அடர்த்தியான ஓக் மரக்காடு. நூறு கஜத்துக்கு அப்பால் மானே கண்ணில் படாது என்று அவனே சொல்கிறான். அப்புறம் எதற்குச் சுடும்போது தோளில் விழும் அந்த உதை? நான் சொன்ன .30-30 என்ற சின்னத் தோட்டா மேக்னம் உதைப்பதில் பாதிகூட உதைக்காது. உதைக்குப் பயந்தவன் விசையை இழுக்கும்போதே கண்ணை மூடிக்கொள்வான். ரேஞ்சில் புது ரெக்ரூட்டுகளிடம் தினமும் பார்த்த காட்சி அது. குண்டு எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன, போகிற இடம் தெரியாமல் போனால் மான் காயத்தோடு ஓடி எங்கேயோ கிடந்து சாகும். பாவம் இல்லையா?

இந்த .30-30 1895-ல் வந்த தோட்டா. வின்செஸ்டர் கம்பெனியின் 1894 லீவர் ரைபிளுக்காகப் பிறந்தது. லீவர் என்பது விசையைச் சுற்றி அடியில் இருக்கும் பிடி, அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். நூறு வருஷத்துக்கு மேலாக அந்த ஊர்க்காரர்கள் இதை வைத்துத்தான் மான் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். "அது தாத்தா காலத்துத் துப்பாக்கி மாமா" என்கிறான். மானும் தாத்தா காலத்து மான்தானே?

அக்டோபர் 13, ஞாயிறு

நல்ல வேளையாக ஞாபகம் வந்தது: பயல் பீச்சாங்கைக்காரன். சின்னதில் இடதுகையால் சாப்பிட்டு அக்காவிடம் வாங்கிய அடிகள் கொஞ்சமல்ல.

போல்ட் ரைபிளில் ஒவ்வொரு வேட்டுக்கும் ஒரு தண்டை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்ற வேண்டும், அதன் பிடி வலப்பக்கம் இருக்கும். இடது தோளில் வைத்துச் சுடுகிறவன் ஒவ்வொரு தடவையும் கையைத் தாண்டிப் போட்டு இழுக்க வேண்டும். இடதுகைக்கென்றே செய்த போல்ட் ரைபிள்கள் உண்டு, ஆனால் பழையது தேடினால் லேசில் அகப்படாது. லீவருக்கு இந்தத் தொல்லையே இல்லை. அடியில் இருப்பதால் எந்தக் கைக்கும் ஒன்றுதான்.

எந்தக் கண் ஆளுகிற கண் என்றும் பார்த்துவிடுவோம் என்று வீடியோவில் சோதித்தேன். இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவில் சின்ன ஓட்டை விட்டு, இரண்டு கண்ணும் திறந்தபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னேன். அப்புறம் ஒவ்வொரு கண்ணாக மூடு. இடது கண்ணை மூடியதும் கடிகாரம் காணாமல் போயிற்று. சரி, கையும் கண்ணும் ஒரே பக்கம். சில பேருக்குக் கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். அவர்களைப் பழக்குவதற்குள் வாத்தியாருக்கு நரை விழுந்துவிடும்.

அக்டோபர் 20, ஞாயிறு

லீவர் ரைபிள் என்று முடிவாயிற்று. எந்தக் கம்பெனி, வின்செஸ்டரா மார்லினா? நான் மார்லின் 336 என்றேன். 1948-லிருந்து வருகிற மாடல். பழைய வின்செஸ்டர் காலித் தோட்டாவை மேலே துப்பும், அதனால் அதன் தலையில் ஸ்கோப் என்கிற குறிபார்க்கும் தொலைநோக்கியை வைப்பது சிரமம். மார்லின் பக்கவாட்டில் துப்பும், மேல்பாகம் தட்டை. ஸ்கோப் வைத்தால், சுடுமுன் பின்னால் இழுத்து நிறுத்த வேண்டிய சுத்தியலான குதிரைக்குப் பெருவிரல் எட்டாது என்று ஒரு குறை உண்டு. அதற்குப் பக்கவாட்டில் நீளும் சின்ன முளை ஒன்று திருகிக்கொள்ளலாம். அதை இடப்பக்கமாகவும் மாட்டலாம், பயலுக்கென்றே செய்தது மாதிரி.

மார்லின் கம்பெனி ரெமிங்டன் கைக்குப் போய், ரெமிங்டன் திவாலானதும் 2020-ல் ரூகர் வாங்கியது. ரெமிங்டனுக்கு முந்தியவற்றில் குழலின் மேல் 'ஜே.எம்.' முத்திரை இருக்கும். அதற்குத்தான் கிராக்கி.

அக்டோபர் 27, ஞாயிறு

கடையில் ஒரு பழைய 336 இருக்கிறது என்று போனைக் கையில் பிடித்துக்கொண்டே காட்டினான். லீவரைத் திற, உள்ளே வெள்ளைத் தாள் ஒரு துண்டு வை, அதன் மேல் வெளிச்சம் அடி, குழலின் வாய்ப்பக்கமிருந்து பார் என்றேன். போன் கேமரா ஆடி ஆடி ஒருவழியாகக் குழலுக்குள் நின்றது. குண்டைச் சுழற்றிவிடும் உள்வரிகள் கூர்மையாகச் சுருண்டு போயின. வாய் ஓரத்தில் மட்டும் லேசான கறுப்பு. வெறும் புகைக்கரி, துரு இல்லை. தோளில் வைக்கும் மரக்கட்டையில் ஒரு கீறல், அதனால் என்ன? முத்திரையும் இருந்தது.

முழங்கையை மடக்கி, கட்டையின் அடியை மடிப்பில் வைத்து, விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்க்கச் சொன்னேன். வசதியாக எட்டியது. "பேசாம வாங்கு." படிவத்தை நிரப்பினான், பின்னணிச் சோதனை அங்கேயே முடிந்து கையோடு கொடுத்துவிட்டார்கள். இங்கே வாழைத்தோட்டத்துப் பன்றிக்கென்று ஒற்றைக்குழலுக்கு லைசென்ஸ் கேட்டுக் கலெக்டர் ஆபீஸ் படியேறும் எங்கள் தெருக்காரரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் மனுஷர் மனம் விட்டுப்போவார்.

நவம்பர் 10, ஞாயிறு

நூறு கஜத்தில் இரண்டு அங்குலம் மேலே படும்படி ஸ்கோப்பைத் திருகி வைத்திருக்கிறான். இனி 150 கஜம் வரை கணக்குப் போடாமல் நேரே பிடிக்கலாம். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுக்கூட்டில் எட்டங்குல அகலம்தான் இலக்கு. நின்றபடி சுட்டாலும் உட்கார்ந்தபடி சுட்டாலும் குண்டு அதற்குள் விழ வேண்டும். மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுட்ட அட்டையைப் பெருமையாக அனுப்பினான். காட்டில் மேசை ஏது?

டிசம்பர் 1, ஞாயிறு

நேற்று அங்கே ரைபிள் சீசன் முதல் நாள். ஆரஞ்சு மேல்சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு விடியுமுன்பே மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான். எட்டு மணிக்கு ஒரு சின்னக் கிடா அறுபது கஜத்தில் வந்து நின்றதாம். கொம்பில் போதுமான கிளை இல்லை, அந்தப் பகுதிச் சட்டப்படி சுடக்கூடாது. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டான். "குதிரையைத் தூக்கவே இல்லை மாமா" என்றான். அக்காவுக்கு மானைப் பற்றிக் கவலை இல்லை, ஸ்வெட்டர் போட்டானா என்று மட்டும் கேட்கச் சொன்னாள்.

குளிரிலிருந்து ரைபிளைச் சூடான வீட்டுக்குள் அப்படியே கொண்டுவந்தால் இரும்பெல்லாம் வேர்க்கும். உறைக்குள்ளேயே வைத்து மெல்லச் சூடேறட்டும், அப்புறம் துடைத்து எண்ணெய் போடு என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை மறுபடி போகிறான். குண்டின் எடை 150 கிரெய்னா 170-ஆ என்று இப்போது புதுச் சண்டை. நான் 170 கட்சி.