ரீஜன் போட்டு மூடினா கோட் குறைஞ்சிடாது

பழைய வின்ஃபார்ம்ஸ் (விண்டோஸ் ஆப் எழுதுற டாட்நெட் வசதி) ப்ராஜெக்ட் எதையாவது திறந்து பாருங்க. பில் போடுற ஃபார்ம்ல 'சேவ்' பட்டனோட க்ளிக் ஈவென்ட்டுக்குள்ளயே எல்லாம் இருக்கும். டெக்ஸ்ட்பாக்ஸ் காலியான்னு பார்க்கிறது, வரிக் கணக்கு, டேட்டாபேஸுக்குப் போற எஸ்க்யூஎல், கடைசியில ஒரு மெசேஜ்பாக்ஸ். ஸ்க்ரோல் பண்ணியே விரல் தேஞ்சிடும்.

இதுக்கு நம்மாளுங்க வைத்தியம், ரீஜன் போட்டு, அதாவது கோட் பகுதிக்கு ஒரு பேர் வச்சு, எடிட்டர்ல மடிச்சு வைக்கிறது. இன்னும் விவரமானவங்க ஒரே கிளாஸை பார்ஷியல் கிளாஸ்னு நாலு ஃபைலா பிரிப்பாங்க. 2005ல சி ஷார்ப் 2.0-வோட வந்த வசதி அது. ஃபார்மை வரையுற டிசைனர் டூல் தானா எழுதுற கோடைத் தள்ளி வைக்க நல்லாவே உதவுது, மறுக்கல. ஆனா கம்பைலருக்கு எல்லாம் ஒரே கிளாஸ்தான். குப்பையை நாலு மூலைக்குப் பெருக்கி வச்ச கதை.

முதல்ல வரிக் கணக்கை வெளியே எடுங்க. டெக்ஸ்ட்பாக்ஸ்னா என்னன்னே தெரியாத ஒரு கிளாஸ். தொகை, சதவீதம், ஒரே மாநிலமா வேற மாநிலமா, இவ்வளவுதான் உள்ளே போகணும். 18% வரி, ஒரே மாநிலம்னா மத்திய அரசோட சிஜிஎஸ்டி 9, மாநில அரசோட எஸ்ஜிஎஸ்டி 9. வேற மாநிலம்னா ஐஜிஎஸ்டி 18ன்னு விடை வரணும். ஃபார்மைத் திறக்காமலே டெஸ்ட் எழுதிடலாம். 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்தப்போ, வாட் கணக்கை ஃபார்முக்கு ஃபார்ம் காப்பி அடிச்சு வச்சிருந்தவங்களைக் கேளுங்க, சொல்லுவாங்க.

விஷுவல் ஸ்டுடியோவுல லைன்களை செலக்ட் பண்ணி கன்ட்ரோல் ஆர், கன்ட்ரோல் எம் அடிச்சா தனி மெத்தடா பிரிச்சுக் கொடுத்துடும். ஒண்ணு பிரிச்சதும் ஒரு கமிட் (கிட் மாதிரி டூல்ல அந்த மாற்றத்தைத் தனியா பதிவு பண்றது). போற போக்குல கண்ணுல படுற ரவுண்ட் ஆஃப் பக்கையும் (தப்பையும்) சரி பண்ணிடலாம்னு மட்டும் கை வைக்காதீங்க. அது தனி கமிட்.