சொந்த வார்த்தைக்கு அரை மார்க்

அக்கா மகன் பத்தாவது படிக்கிறான். ஒளிவிலகல் கேள்விக்கு, தண்ணீர் டம்ளரில் போட்ட ஸ்பூன் வளைந்து தெரிவதை வைத்து அவனே யோசித்து எழுதியிருக்கிறான், பதிலும் சரிதான், ஆனால் சிவப்பு மையில் 'புத்தகத்தில் உள்ளபடி எழுதவும்' என்று போட்டு இரண்டுக்கு அரை மார்க். அடுத்த தேர்வில் கமா கூட மாறாமல் எழுதி முழு மார்க் வாங்கிவிட்டான். அர்த்தம் கேட்டால் முழிக்கிறான்.

எங்கள் காலத்தில் பல பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தையே தாண்டிவிட்டு, பிளஸ் டூ புத்தகத்தை இரண்டு வருஷம் உருப்போட வைத்தார்கள். அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. (சரி, அப்புறம் அதையும் சேர்த்து உருப்போட்டார்கள்.) 2025இல் அதை எடுத்தும்விட்டார்கள். விடைத்தாள் திருத்தும் விதம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

போன மாதம் "ஸ்பூன் ஏன் வளையுது மாமா?" என்று கேட்டவன், நேற்று வானவில்லைக் காட்டினால் "இது பரீட்சைக்கு வருமா?" என்கிறான்.