‘1 அக்ஹத்’ முதல் பலகை அல்ல

சிரியக் கடற்கரையில் இருந்த பழைய நகரம் உகாரித்; அதன் களிமண் பலகைக் காவியங்களில் ஏதாவது ஒரு பகுதியை மூலத்தோடு வைத்துப் படிக்க இறங்குகிறவர்கள் எண்களில் ஏமாறாதீர்கள். ஒரு வாரம் அங்கேயே போனது. பழைய கட்டுரை ஒன்று ‘1 அக்ஹத்’ என்று காட்டியது. தேட வேண்டியது அனத் தேவி அக்ஹத்திடம் வில்லைக் கேட்கும் இடம். கதையின் முன்பகுதிதானே, ஒன்றாம் பலகையில் இருக்கும் என்று எடுத்தால், அக்ஹத் செத்தே போயிருக்கிறான். தகப்பன் தானெல் துக்கம் காக்கிறார், தங்கை புகத் பழிவாங்கக் கிளம்புகிறாள்.

அந்தப் பழைய எண்கள் கதை வரிசையில் இல்லை. 1 அக்ஹத் என்பது, இன்று எல்லோரும் மேற்கோள் காட்டும் உகாரித் மூலத் தொகுப்பான கேடியு (KTU) எண்ணில் 1.19, அதாவது அக்ஹத் கதையின் கடைசிப் பலகை. 2 அக்ஹத் 1.17, 3 அக்ஹத் 1.18. வில் காட்சி இருப்பது 1.17, ஆறாம் பத்தியில் (பத்தி என்றால் இங்கே மேலிருந்து கீழாக ஓடும் எழுத்து நிரல், column). புயல் தெய்வமான பாகாலின் கதையிலும் இதே கூத்துதான். கோர்டனின் பழைய உகாரித் பாடநூல் எண்ணில் 51 என்றால் கேடியுவில் 1.4, 67 என்றால் 1.5, 49, 62 இரண்டும் சேர்ந்து 1.6, 68 என்பது 1.2-இன் நான்காம் பத்தி. 1963-இல் வந்த எர்ட்னரின் பதிப்பு, அதாவது சிடிஏ (CTA), ஓரளவு நிம்மதி தரும்: காவியப் பலகைகளுக்கு அதன் எண்ணுக்கு முன்னால் ‘1.’ போட்டால் கேடியு எண் வந்துவிடும். கேடியு 1976, 1995, 2013 என்று மூன்று முறை வந்திருக்கிறது. எண் மாறாது, வாசிப்பு மாறும். ஆகவே மேற்கோளில் எந்தப் பதிப்பு என்று எழுதாவிட்டால் பிறகு நீங்களே தேடி அலைவீர்கள். சிலர் ‘கேட்’ (CAT) என்று குறிப்பிடுவதும் 1995 பதிப்பைத்தான், வேறு நூல் அல்ல.

சிடிஏ இரண்டு பாகம். ஒன்றில் எழுத்துப்பெயர்ப்பு, மற்றதில் கையால் வரைந்த படியும் புகைப்படமும். நூலகத்தில் ‘சிடிஏ’ என்று மட்டும் கேட்டதால் முதல் பாகம் மட்டும் வந்தது. படங்கள் இல்லாத அந்தப் பாகத்தை வைத்து எந்த ஐயத்தையும் தீர்க்க முடியாது. திருப்பி அனுப்பி, மறுபடி மனு எழுதி, மறுபடி காத்திருந்ததுதான் மிச்சம். கேட்கும்போதே ‘இரண்டு பாகமும்’ என்று எழுதுங்கள். மூலப் பலகைகள் பாரிஸ் லூவரிலும் சிரியாவின் அருங்காட்சியகங்களிலும் பிரிந்து கிடக்கின்றன, நேரில் பார்ப்பது எல்லோருக்கும் ஆகாது. இன்ஸ்கிரிப்டிஃபாக்ட் என்ற இணையப் படத் தரவுத்தளத்தில் நல்ல படங்கள் பார்க்கலாம்.

படம் கையில் வந்ததும் அடுத்த குழப்பம். முன்பக்கத்தில் பத்திகள் இடமிருந்து வலம் போகும். பலகையைக் கீழ்விளிம்பு வழியாகப் புரட்டினால் பின்பக்கத்தில் வலமிருந்து இடம். ஆறு பத்திப் பலகையில் மூன்றாம் பத்திக்கு நேர் பின்னால்தான் நான்காவது. 1.17-இல் மூன்றும் நான்கும் உடைந்தே போயின; இரண்டிலிருந்து ஐந்துக்குத் தாவுவது அச்சுப்பிழை அல்ல.

களிமண்ணில் ஆப்பு வடிவக் கோடுகளாக அழுத்திய எழுத்துகள் முப்பதுதான், ஒரு மாலையில் மனப்பாடம் ஆகிவிடும். தொல்லை உடைந்த இடத்தில். கிடை ஆப்பு ஒன்று என்றால் ‘த’, இரண்டு என்றால் ‘அ’, மூன்று என்றால் ‘ந’. நெட்டை ஆப்பு ஒன்று ‘க’, இரண்டு அழுத்தி ஒலிக்கும் ‘ஸ’, மூன்று ‘ல’. களிமண் ஓரம் பெயர்ந்து ஓர் ஆப்பு போனால் ‘ந’ ‘அ’ ஆகிவிடும், ‘ல’ ‘ஸ’ ஆகிவிடும். இதற்கு மேல் சொற்களைப் பிரிக்கும் குறியும் ஒரு சிறு நெட்டை ஆப்பு. ‘குரலை உயர்த்திக் கூவினான்’ என்று காவியம் முழுக்க வரும் வாய்பாட்டில் ‘குரல்’ என்ற சொல் ‘க’வில் தொடங்கும், முன்னால் பிரிப்புக்குறி. மங்கலான படத்தில் அந்த இரண்டும் ஒட்டி ‘ஸ’ போலத் தெரியும். ஆப்புகளின் உயரத்தைப் பாருங்கள்: ‘ஸ’வின் இரண்டும் சம உயரம், பிரிப்புக்குறி குட்டை.

உயிரொலி எழுதுவதில்லை. தொண்டையை அடைத்துத் திறக்கும் மெய்யான அலெஃபுக்கு மட்டும், கூட வரும் உயிரைக் காட்ட அ, இ, உ என மூன்று குறிகள். அந்த வாய்பாட்டில் ‘உயர்த்தினான்’ என்பது ய-ஷ-உ என்று உ-அலெஃபில் முடிகிறது. கடைசி உயிர் இல்லாத குறுவடிவமாக இருந்தால் வழக்கமாக இ-அலெஃப் நின்றிருக்கும். காவிய வினைகளின் காலத்தைப் பற்றிப் பேச நம்பகமான பிடி இப்படி அலெஃபில் முடியும் வினைகள்தான். மற்ற வினைகளை வைத்துக் கோட்பாடு கட்டுகிறவர்களிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

அகராதியில் வினையைக் கண்ட வடிவில் தேடாதீர்கள். அந்த ய-ஷ-உ இருப்பது ‘ந’ வரிசையில். வேரின் முதல் மெய்யான ‘ந’ அடுத்த மெய்யில் கரைந்துவிட்டது. ‘எடுத்துக்கொள்வாய்’ என்ற த-க-ஹ, அதே காரணத்தால், ‘ல’ வரிசையில். ஐன் என்ற தொண்டையொலி எழுத்தைப் புதிய அகராதி அலெஃபை அடுத்து வைக்கும், பழைய சொல்லடைவு எபிரேய எழுத்து வரிசைப்படி சாமெக் எழுத்துக்குப் பின் வைக்கும். ‘சொல் இல்லை’ என்று முடிவுகட்டும் முன் இதைப் பாருங்கள்.

செய்யுளடிக்கும் பலகை வரிக்கும் சம்பந்தமே கிடையாது. நம் ஓலைச்சுவடி படித்தவர்களுக்கு இது புதிதல்ல. 1.2-இன் நான்காம் பத்தியில் எட்டாம் வரி ‘இதோ உன் பகைவனை’ என்பதோடு முடிகிறது. ‘பாகாலே’ என்ற விளி ஒன்பதாம் வரியின் தலையில். சேர்த்து அடி பிரித்தால் படிக்கட்டு போல ஏறும் மூன்று அடி: இதோ உன் பகைவனை, பாகாலே / இதோ உன் பகைவனை வெட்டுவாய் / இதோ உன் எதிரியை ஒழிப்பாய். முதல் அடியில் வினை இல்லை, இரண்டாவதில்தான் வருகிறது. வரிப்படி மொழிபெயர்த்தபோது இது கண்ணுக்கே படவில்லை; அடி பிரித்த அன்று ஒரு வாரத்து எரிச்சல் தீர்ந்தது.

சதுர அடைப்புக்குறிகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதற்குள் இருப்பது பலகையில் இல்லை; வேறு இடத்தில் அதே வாய்பாடு வருவதால் பதிப்பாசிரியர் நிரப்பியது. ‘இந்த வாய்பாடு இத்தனை முறை வருகிறது’ என்று எண்ணும்போது நிரப்பியதையும் சேர்த்தால் வாய்பாட்டைக் கொண்டே வாய்பாட்டை நிரூபித்ததாகிவிடும். அடைப்புக்கு வெளியே உள்ளதைத் தனியாக எண்ணுங்கள்.

மேலே சொன்ன மூன்று அடிக்கு இணையாகச் சங்கீதம் 92-ஐக் காட்டுவது வழக்கம். எபிரேயத்தில் தலைப்பையும் ஒரு வசனமாக எண்ணுவதால் அங்கே 10-ஆம் வசனம். தமிழ் வேதாகமத்தில் 9. அடிக்குறிப்பில் எந்த எண் என்று எழுதிவிடுங்கள்.