காப்பகத்துப் பிள்ளைகளுக்கு அறிவியல் வகுப்பு: ஒரு டாக்டரின் அனுபவம்

வசதியில்லாத பிள்ளைகளுக்கு அறிவியலும் கம்ப்யூட்டரும் சொல்லித்தர ஆசை, எப்படி ஆரம்பிப்பது என்று சக டாக்டர்களும் நர்ஸ்களும் கேட்கிறார்கள். நான் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் அனுமதி. மருத்துவப் பரிசோதனைக்காக ஏற்கெனவே போய்வந்த காப்பகம்தான், ஆனாலும் வகுப்பு என்றதும் நிறையக் கேள்வி கேட்டார்கள், கேட்கத்தான் வேண்டும். ஊழியர் ஒருவர் எப்போதும் கூடவே இருப்பார், பிள்ளைகளைப் படம் எடுக்க மாட்டேன் என்றெல்லாம் எழுதிக் கொடுத்தேன். ஊசியும் ரத்தமும் வகுப்புக்குள் வராது என்பது நானே போட்ட விதி. டாக்டர் என்றாலே ஊசிதான் என்று ஒதுங்கும் பிள்ளைகள் பக்கத்தில் வர அது உதவியது.

நன்கொடை கேட்டால் பழைய கம்ப்யூட்டர்கள் வரும். ஓடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். அங்கே இணையம் கிடையாது, அதனால் பிள்ளைகள் கட்டங்களை அடுக்கியே நிரல் எழுதப் பழகும் ஸ்க்ராட்ச் என்ற மென்பொருளின் ஆஃப்லைன் பதிப்பை ஏற்றினோம்.

ஆனால் கம்ப்யூட்டர் வரும்வரை காத்திருக்க வேண்டியதே இல்லை, உடம்பு போதும். முதல் வகுப்பில் நோட்டுத்தாளைக் குழலாகச் சுருட்டி, சம்மதித்த நண்பனின் நெஞ்சில் வைத்துக் கேட்கச் சொன்னேன். 1816-இல் லென்னெக் என்ற பிரெஞ்சு மருத்துவர் இப்படித் தாளைச் சுருட்டிக் கேட்டதிலிருந்துதான் ஸ்டெதஸ்கோப் வந்தது என்றதும் எல்லோருக்கும் ஆளுக்கொரு குழல் வேண்டியிருந்தது! அப்புறம் நாடி எண்ணுவது, குதிப்பது, மறுபடி எண்ணுவது. குதிப்பதை நிறுத்தியும் ஏன் நாடி உடனே குறையவில்லை என்று ஒரு சிறுமி கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை, நிமிடத்துக்கொரு முறை அளந்து வரைபடம் போடச் சொன்னேன், அடுத்த வாரம் அவளே தன் விளக்கத்தோடு வந்தாள்.

தொழில்நுட்பத்தையும் அந்த நாடி வழியாகவே கொண்டுவந்தோம். மைக்ரோபிட் என்ற சின்னக் கம்ப்யூட்டர் பலகையில் ஓர் எல்.இ.டி., ஓர் ஒளி சென்சார், நடுவே விரல். ஒவ்வொரு துடிப்பிலும் விரலில் ரத்தம் கூடும், கடந்து வரும் ஒளி குறையும், திரையில் கோடு ஆடும். ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டருக்கும் இதுதான் அடிப்படை, அதில் சிவப்பு, அகச்சிவப்பு என இரண்டு ஒளி இருப்பதால் ஆக்ஸிஜன் அளவையும் கணக்கிட முடிகிறது. சென்சார் காட்டியதும் கையால் எண்ணியதும் ஒத்துப்போகவில்லை என்று பெரிய சண்டை, கடைசியில் விரல் அசைந்தால் எண் தாறுமாறாகும் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். கருவி சொல்வதை அப்படியே நம்பாமல் சோதித்துப் பார்க்கும் இந்தப் பழக்கம், நான் மருத்துவம் படித்தபோது வெகு தாமதமாக வந்தது, இவர்களுக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், தனியாக ஆரம்பிக்காதீர்கள். டூட்டி எப்போது மாறும் என்று நமக்கே தெரியாது, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போன பெரியவர்களை இந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே நிறையப் பார்த்துவிட்டார்கள். எனக்கு மாற்றாக ஒரு லேப் டெக்னீஷியனும் ஓர் எஞ்சினியரும் இருக்கிறார்கள். கருவிப் பெட்டியையும் நாங்கள் எடுத்துப்போவதில்லை, அது பிள்ளைகளிடமே இருக்கிறது. உடைந்தால் உடையட்டும், வேறு வாங்கிக்கொள்ளலாம்.