ழாக் டேவியல் என்றொரு மனிதர்

கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட எல்லோரும் ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டிய பெயர் ழாக் டேவியல். 1693-ல் பிரான்சின் நார்மண்டியில் பிறந்த கண் மருத்துவர். 1720-ல் மார்செய் நகரில் பிளேக் பரவியபோது அங்கே போய் நோயாளிகளைக் கவனித்தார், அப்புறம் பல வருடம் அதே ஊரிலேயே தங்கினார்.

அந்தக் காலத்தில் புரைக்கு இருந்த வைத்தியம் ஒன்றுதான். ஊசியைக் கண்ணுக்குள் விட்டு, புரையால் வெளுத்துப்போன, கண்ணில் இயற்கையாகவே இருக்கும் லென்ஸைப் பார்வைப் பாதையிலிருந்து உள்ளே தள்ளிவிடுவார்கள். லென்ஸ் கண்ணுக்குள்ளேயே கிடக்கும், சில நேரம் மறுபடி மேலே வந்து மறைக்கும், வீங்கிச் சீழ் பிடித்துக் கண்ணே போனவர்களும் உண்டு.

தள்ளுவதற்குப் பதில் வெளியே எடுத்தால் என்ன என்று துணிந்தவர் டேவியல். கருவிழியின் கீழ் ஓரத்தில் கத்தியால் திறந்து, வளைந்த கத்தரிக்கோலால் இரண்டு பக்கமும் வெட்டை நீட்டி, அந்த மடலைச் சின்னக் கரண்டியால் தூக்கிப் பிடித்து, லென்ஸின் உறையைக் கீறி, கண்ணை மெதுவாக அழுத்த லென்ஸ் வெளியே வரும். இதெல்லாம் மரத்துப்போகும் மருந்து இல்லாமல்! கண்ணில் கொக்கெயின் சொட்டு விடும் வழக்கமே 1884-ல்தான் வந்தது. தையலும் கிடையாது, கட்டுப் போட்டுப் படுக்க வைப்பதோடு சரி. அசையாமல் உட்கார்ந்திருந்த அந்த நோயாளிகளின் தைரியத்தையும் சேர்த்தே வணங்க வேண்டும்.

1752-ல் பாரிஸ் அறுவை மருத்துவக் கழகத்துக்கு இந்த முறையை எழுதிக் கொடுத்தார். அவர் தந்த கணக்கில் 206 அறுவைகளில் 182 வெற்றி. தோற்ற கண்களையும் மறைக்காமல் எண்ணிச் சொன்னாரே, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. பதினைந்தாம் லூயி மன்னரின் கண் மருத்துவராகவும் இருந்தவர், 1762-ல் ஜெனீவாவில் காலமானார்.