அக்காவின் ஸ்னோவும் எங்கள் நெல்லும்

வீதியோரம் நெல்லைப் பரப்பிவிட்டு வானத்தைப் பார்த்தபடி நிற்கிறேன். டொரண்டோவிலிருந்து அக்கா கோல் எடுக்கிறா.

"எத்தனை சென்டிமீட்டர் எண்டு ஒருத்தரும் ஒழுங்காச் சொல்றாங்கள் இல்லையடா தம்பி."

மூன்று கட்டமாக வருகிற புயலாம். முதலில் ஸ்னோ, நடுவில் உறைமழை, பிறகு திரும்பவும் ஸ்னோ.

வானிலை சொல்பவர்கள் பாவம். 1 சென்டிமீட்டர் மழைத் தண்ணீர் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் பனியாகும். கடுங்குளிரில் பஞ்சு மாதிரி 15, 20 கூட வரும். பூச்சியம் பாகையை ஒட்டிய ஈரப்பனி என்றால் 5 அளவில் நின்றுவிடும். மேலே ஒரு படை காற்று கொஞ்சம் சூடாக இருந்தாலே போதும், பனி உருகி மழையாகி, குளிர்ந்த நிலத்தில் பட்டதும் கண்ணாடியாய் உறையும். பக்கத்து ஊருக்குக் கணக்கே வேறு.

இங்கே இலங்கையில் மட்டும் என்னவாம்? "வடக்கில் சிறிதளவு மழை" என்பார்கள். பரந்தனில் கொட்டும், முறிகண்டியில் தூசி பறக்கும். அறுவடை நேரத்தில் அந்தச் "சிறிதளவு" போதும், நெல் முளைவிட.

"உங்க வெயிலோ?" அக்கா கேட்டா.

வெயில்தான். ஆனாலும் நெல்லை மூடுகிற படங்கை இன்னும் மடித்து வைக்கவில்லை.