அட்மிரலின் பீப்பாயும் அரை பைண்ட் ரம்மும்

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அட்மிரல், அதாவது கடற்படைத் தளபதி நெல்சனின் 'விக்டரி' போர்க்கப்பலைப் பார்க்கத்தான் போகிறார்கள். பராமரிப்பு வேலைக்காகச் சாரம் கட்டி மூடியிருக்கிறார்கள், வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ கட்டடம் எழும்புகிற மாதிரிதான் தெரிகிறது. உள்ளே போய்விட்டால் வேறு உலகம். பீரங்கித் தளத்தில் தலையைக் குனிந்தபடியே நடக்க வேண்டும். இந்த இடுக்கில் நூற்றுக்கணக்கான பேர் தின்று, தூங்கி, சண்டையும் போட்டார்கள் என்றால் குடிக்காமல் எப்படி இருந்திருப்பார்கள்?

குடிக்கக் கொடுத்ததே சர்க்கார்தான். ஆளுக்குத் தினம் அரை பைண்ட் ரம், கிட்டத்தட்ட 284 மில்லி. அதை அப்படியே கவிழ்த்துக்கொண்டு பாய்மரத்தில் ஏறினால் என்ன ஆகும்? 1740-ல் அட்மிரல் வெர்னன் ஒரு பங்கு ரம்முக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து, இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். அவர் போட்டிருந்த 'க்ரோக்ரம்' துணி அங்கியை வைத்து மாலுமிகள் அவரை 'ஓல்ட் க்ரோக்' என்பார்கள், கலந்த சரக்குக்கும் அதே பேர் வந்தது, தலை கிறுகிறுத்தால் 'க்ரோகி'.

அதே கப்பல்துறையின் வாசல் பக்கம் நிற்கும் 'வாரியர்' என்ற பழைய போர்க்கப்பலில் கயிறுகளை நிதானமாகப் பார்க்கலாம். பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் கயிறுதான் 'ஷீட்'. அது அவிழ்ந்துவிட்டால் பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், கப்பல் தள்ளாடும். குடித்துத் தள்ளாடுகிறவனை ஆங்கிலத்தில் 'த்ரீ ஷீட்ஸ் டு தி விண்ட்' (மூன்று ஷீட்டும் காற்றில்) என்பது இதை வைத்துத்தான். ஒரு ஷீட் காற்றில் என்றால் லேசான போதை, மூன்றும் என்றால் ஆள் காலி. வேலை தெரிந்தவன் செய்த கேலி இது, அதனால்தான் இவ்வளவு கச்சிதம்.

இந்த மாதிரிக் குடிப் பேச்சில் எனக்குப் பிடித்தது 'டேப்பிங் தி அட்மிரல்' (அட்மிரலிலிருந்து உறிஞ்சுவது), அதாவது பீப்பாயில் திருட்டுத்தனமாகக் குடிப்பது. 1805-ல் டிராஃபால்கர் கடற்போரில் செத்த நெல்சனின் உடலைக் கெடாமலிருக்கப் பிராந்திப் பீப்பாயில் போட்டுத்தான் கொண்டுவந்தார்கள். வழியில் மாலுமிகள் அதையே உறிஞ்சிவிட்டார்கள் என்று ஒரு கதை. கட்டுக்கதைதான், ஆனாலும் ரம்முக்கு 'நெல்சன் ரத்தம்' என்ற பேர் நிலைத்துவிட்டது.

அளவை அப்புறம் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 1970 ஜூலை 31-ஆம் தேதியோடு பிரிட்டிஷ் கடற்படையில் ரம் நின்றது. மாலுமிகள் கையில் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு துக்கம் கொண்டாடினார்களாம். ஈடாகக் கிடைத்தது கூடுதலாக ஒரு டின் பீர் வாங்கும் உரிமை. ரம்மோடு ஒப்பிட்டால் அது தண்ணி மாதிரி!